கண்பாப்பா நோட்டு

எனக்கு அப்போது நாற்பது வயது ஆகவில்லை. பிறகு ஆனது. இப்போது சில வருடங்களாக ஆகிக்கொண்டே இருக்கிறது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் ஆண் நர்ஸ். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வரும். அவர் அதை அடக்கப் படாதபாடு படுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே முதலில் சிரித்துவிடுவேன். பதினைந்து வருடம் அவசரப் பிரிவில் இருந்தவனுக்கு இந்தப் பழக்கம் ஊசி போடுவதைவிட நன்றாகக் கைவந்திருந்தது.

அந்த அவசரப் பிரிவுக்குப் பருத்திக் காலத்தில் வாரம் தவறாமல் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பூச்சி மருந்து அடித்தவர்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மாட்டு வண்டி, பஸ், ஜட்கா என்று மாறி மாறி வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்கு நேரம் கடந்துவிடும். எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. கிராமத்து நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து, வயல்காட்டு வேலை செய்கிறவர்களுக்கு அந்த வேலையால் வருகிற கேடுகளைக் காட்டிலேயே பார்க்க வைத்தால் என்ன? அரிவாள் வெட்டு, கண்ணில் விழும் உமி, சுமையில் தேயும் கழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மருந்து. ஆறு வாரப் பயிற்சி, நான்கு நர்ஸுகள். யார் போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று கேள்வி வந்தபோது டாக்டர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த வேறு பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் நாள் காலை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன். நான்கு பெண்களுக்கு முன்னால் பேசுவதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். குடல் வெளியே தொங்க வருகிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்காது. ஒழுங்காக உட்கார்ந்து என்னையே பார்க்கிற ஆளைப் பார்த்தால்தான் நடுங்கும். அன்று உரமூட்டை ஒன்றுக்குப் பின்னால் நின்றபடி வகுப்பெடுத்தேன். இடுப்புக்குக் கீழே ஆடியதை மூட்டை மறைத்தது. மேலே ஆடியதை ஜோக் மறைத்தது.

வகுப்புக்கு இடம் கொடுத்தவர் ஒரு தோட்டத்து முதலாளி. பரம்பரையாக அந்தக் கரிசலில் பருத்தி போடுகிறவர். வெள்ளை வேட்டி, படித்த பேச்சு, எல்லோருக்கும் காபி. பம்புசெட்டு ரூமை ஒட்டி, பருத்தி குவித்து வைக்கும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்து, பெஞ்சும் போட்டிருந்தார். திறப்பு விழாவுக்குப் பெரிய டாக்டர் ஜீப்பில் வந்து மாலை வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, தூசி தாங்காமல் கிளம்பிவிட்டார்.

அன்று மருந்தடிக்கிற ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, முதலாளியே ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இங்க பாருங்கப்பா. தினம் காலைல நர்ஸம்மா உங்க கண்ணப் பாப்பாங்க. சரியில்லைன்னு சொல்லிட்டா அன்னைக்கு டேங்கு தூக்க வேணாம். தண்ணி பாச்சப் போங்க, களை எடுக்கப் போங்க. கூலி அதே கூலி. போதுமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். கை தட்டுகிற கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் ஒரு வாக்குக் கொடுக்க ஆசை வந்துவிட்டது.

"யாரு பேருக்கு நேரா என்ன எழுதுறோம்ங்கிறது எங்களுக்குள்ளதான் இருக்கும். அந்த நோட்டு எங்க கைய விட்டுப் போகாது," என்றேன்.

ஆட்களில் உயரமாக ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும். மருந்து நிரப்பிய டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பு அடித்து மறுகையால் குழாயை வீசி, அவர் ஒரு சால் பருத்திக்கு அடித்து முடிக்கும்போது மற்றவர்கள் பாதிச் சாலில்தான் இருப்பார்கள். அவர் மனைவிதான் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து டேங்குக்கு ஊற்றுவாள். அவர் அன்று எழுந்து, "டாக்டரய்யா சொன்னா சரித்தான்," என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தினேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் திருத்தினேன்.

நான்கு நர்ஸுகளில் ஒருவர் மற்ற மூன்று பேரையும்விட மூத்தவர். மேற்கே ஒரு கிராமத்தில் பத்து வருடமாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர். என்னை முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டு, இரண்டாம் நாளே கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்ணே, அந்த மூட்டைய விட்டு வெளிய வாங்களேன். உள்ள உரம் தீந்து போச்சு, எலிதான் இருக்கு."

வெளியே வந்தேன். அதன் பிறகு எனக்குப் பேச்சு வந்தது. அளவுக்கு மேலேயே வந்தது.

நான் சொல்லிக்கொடுத்தது எளிய விஷயம். காலையில் ஆட்கள் டேங்கு எடுப்பதற்கு முன்பு டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். வாயில் எச்சில் கூடுதலா, நீட்டிய கை நடுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். விஷம் உடம்பில் சேரச் சேரப் பாப்பா சுருங்கும். நோட்டில் கட்டம் போட்டு, சரியாக இருந்தால் நீல மையில் ஒரு கோடு, இல்லாவிட்டால் சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறி. ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் துணியைக் களைந்து சோப்புப் போட்டு ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு அட்ரோபின் ஊசி. அது பாப்பாவை விரியவைக்கும், நெஞ்சில் கட்டிய நீரை வற்றவைக்கும். எத்தனை ஊசி என்பதற்கும் பாப்பாதான் கணக்கு. "சுருங்கியிருந்தால் குத்து, விரிந்திருந்தால் நிறுத்து," என்று நால்வரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒப்பிக்க வைத்தேன். பாட்டு மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் ஒரு நாள் வரப்பிலிருந்து ஊமத்தைச் செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தேன்.

"சிஸ்டர்ஸ், நம்ம ஊசி மருந்துக்கு ஒரு ஏழைச் சொந்தக்காரன் இந்தக் காட்டுலயே இருக்கான். இந்த இலைச் சாறு ஒரு சொட்டுக் கண்ணுல பட்டாப் போதும், பாப்பா நெல்லிக்காய் மாதிரி விரிஞ்சிரும். ஆனா கண்ணு மட்டுந்தான் விரியும். உள்ள இருக்கிற விஷம் அப்படியேதான் இருக்கும். அதனால யாரும் இத மருந்துன்னு நம்பிப் போட்டுக்கிறாதீங்க, வீட்டுக்காரர் மூஞ்சி கூட மங்கலாத் தெரியும்."

"அது நல்லதுதானண்ணே," என்றார் மூத்த நர்ஸ். கொட்டகையே சிரித்தது. கொட்டகைக்கு வெளியேயும் யாரோ சிரித்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் ஆட்கள் டேங்கு கழுவிக்கொண்டிருந்தார்கள். என் ஜோக் கூலி ஆட்கள் வரைக்கும் எட்டுகிறது என்று மகிழ்ந்தேன்.

இரண்டாவது வாரம் காய்ப்புழு இறங்கியது. இரண்டு நாளைக்கு ஒரு முறை மருந்து அடித்தார்கள். நோட்டில் சிவப்பு கூடியது. ஒரே நாளில் நான்கு பேருக்குப் பெருக்கல் குறி. முதலாளி முகம் சுளிக்கவில்லை. சொன்னபடி நான்கு பேரையும் தண்ணீர் பாய்ச்ச அனுப்பினார். எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் காபியோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார்.

"தம்பி, இது உங்க எழுத்தா? அச்சடிச்ச மாதிரியில்ல இருக்கு. ஒரு நாள் குடுங்களேன். வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டணும். எல்லாம் கோழி கிண்டுன மாதிரி எழுதுதுக."

என் எழுத்தை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. நர்ஸு ரிப்போர்ட்டைப் படிக்கிற டாக்டர்கள்கூட அதில் எழுத்து இருக்கிறது என்பதைக் கவனித்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நாளு கூட வச்சுக்கங்கய்யா," என்றேன்.

நோட்டு இரண்டு நாளில் திரும்பி வந்தது. சிவப்புக் குறி வாங்கிய நான்கு பேர் வரவில்லை.

"அவிங்களா? குலசாமி கும்பிடப் போயிட்டாய்ங்க தம்பி. எப்ப வருவாய்ங்கன்னு யாரு கண்டா," என்றார் முதலாளி.

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரத்திலிருந்து நோட்டு முழுக்க நீலம். ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆட்கள் எல்லோரும் தலைத்துண்டைப் புருவம் மறைய இறக்கிக் கட்டியிருந்தார்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னதன் பலன் என்று நினைத்தேன். வரப்பில் இரண்டு பேர் கால் தடுக்கி விழப்பார்த்தார்கள். "என்னய்யா, காலைலயே உற்சாகமா?" என்று கேட்டுச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கண்ணை நான் பார்ப்பதில்லை. நர்ஸுகள் பார்த்தார்கள், நான் காபி குடித்தேன். நான் வாத்தியாராகிவிட்டேன் அல்லவா. பயிற்சி மகத்தான வெற்றி என்று பெரிய டாக்டருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அச்சடித்த மாதிரி எழுத்தில்.

நான்காவது வார வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில் அந்த உயரமானவரின் மனைவி அலறுவது கேட்டது.

ஓடினோம். உயரமானவர் பருத்திச் செடிகளுக்கு நடுவில் குப்புற விழுந்து கிடந்தார். டேங்கு இன்னும் முதுகிலேயே இருந்து, ஒரு பக்கமாக ஒழுகி அவரையே நனைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். தொடைச் சதைகள் தனித்தனியாகத் துடித்தன. டேங்கை அவிழ்த்தோம், துணியைக் களைந்தோம், அவர் மனைவி குடம் குடமாகத் தண்ணீரைக் கவிழ்த்தாள். நான் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, சொல்லிக்கொடுத்த முறைப்படி இமையைத் தூக்கினேன்.

பாப்பா விரிந்திருந்தது. நெல்லிக்காய் மாதிரி.

பதினைந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒன்று நேர்ந்ததில்லை. உடம்பு முழுவதும் குத்து என்றது, கண் மட்டும் நிறுத்து என்றது. வேறு ஏதாவது விஷமா? மூளையில் ரத்தமா? வெயிலா? சுற்றி இருபது பேர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு என் செருப்பில் விழுந்தது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது அந்தப் பாட்டு: "விரிந்திருந்தால் நிறுத்து..."

"கண்ணப் பாக்காதீங்கண்ணே," என்றார் மூத்த நர்ஸ். "குத்துங்க."

"பாப்பா பெருசா இருக்கு சிஸ்டர்!"

"பெருசாத்தான் இருக்கும். குத்துங்க."

"ஏன் பெருசா இருக்கும்?"

"குத்திட்டுக் கேளுங்க!"

நான் குத்தவில்லை. அவர்தான் என் கையிலிருந்து பிடுங்கிக் குத்தினார். இரண்டு, மூன்று, நான்கு ஊசி. பாப்பாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நெஞ்சில் காதை வைத்து, மூச்சுச் சத்தத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு குத்தினார். நான் சொல்லித்தராத பாடம்.

முதலாளி தன் காரைக் கொடுத்தார். பின் சீட்டில் உயரமானவரின் தலை அவர் மனைவியின் மடியில், கால்கள் என் மடியில். முன் சீட்டில் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தபடி மூத்த நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டே வந்தார். கொதிப்பு கொஞ்சம் அடங்கியதும் நான் கேட்டேன். நர்ஸ் முதலில் அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஊமத்தச் சாறுண்ணே. ரெண்டு வாரமா எல்லாரும் காலைல ஊத்திக்கிட்டுத்தான் வாராங்க. டார்ச் அடிச்சா அசையவே மாட்டேங்குது. எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் நீலக் கோடு போட்டீங்களா?"

"போட்டேன்."

"நான் உங்கள எம்புட்டு நம்புனேன்!"

"அந்த நாலு பேரு சாமி கும்பிடப் போகலண்ணே. முதலாளி நிப்பாட்டிட்டாரு. கண்ணு கெட்ட மாடு எனக்கெதுக்குன்னு சொல்லிட்டாராம். நோட்டப் பாத்துத்தான் ஆளக் கழிச்சிருக்காரு. சிவப்புப் போட்டா அடுத்த நாள் அடுப்பு எரியாது. இந்தா இவ வந்து என் காலப் பிடிச்சா." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க நோட்டக் குடுத்தீங்க. நான் நோட்டுல பொய் எழுதுனேன். எதுண்ணே பெருசு? நீங்களே சொல்லுங்க."

திருப்பரங்குன்றம் தாண்டும் வரை நான் என் மடியில் கிடந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது துடித்துக்கொண்டே இருந்தது.

உயரமானவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் ஊசி மருந்தின் மயக்கத்தில் படுக்கையில் இல்லாத பருத்தியைப் பறித்துக்கொண்டிருந்தார். ஆனால் பூச்சி மருந்து கேஸ் எதுவானாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். வாசலில் இருக்கும் அவுட்போஸ்ட்டிலிருந்து ஏட்டு வந்து, அடித்ததா குடித்ததா என்று எழுதுவார். அடித்தது என்றால் வேலை கொடுத்தவர் பொறுப்பு. குடித்தது என்றால் குடித்தவர் பொறுப்பு, கூடவே அவர் வீட்டில் இருக்கிற பொம்பளையும் பொறுப்பு. கட்டியவன் மருந்து குடிக்கும்படி நடந்துகொண்டவள் என்ற பேர் ஊரில் ஒட்டினால் எந்தச் சோப்பாலும் போகாது.

மறுநாள் முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கக்கத்தில் என் நோட்டு இருந்தது. கொட்டகையில் மறந்துவிட்டு வந்திருந்தேன்.

"ஏட்டையா, நீங்களே பாருங்க. காலைல நர்ஸுகளே பாத்து நல்லாருக்கான்னு எழுதிருக்காங்க. பதினஞ்சு நாளா நல்லாத்தான் இருந்திருக்கான். அடிச்சதுல வந்ததுன்னா முன்னாலயே தெரிஞ்சிருக்குமில்ல? வீட்டுல ஏதோ சண்டைன்னு பேசிக்கிறாய்ங்க."

வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். உரமூட்டை இல்லாத இடத்தில் தூண் அகப்பட்டது. வெளியே வந்து அந்த நோட்டு பொய் என்று சொன்னால் போதும். ஒரே வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. பெரிய டாக்டரிடம் போனேன். "கேட்டாச் சொல்லு. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்ற? பயிற்சியே நின்னு போகும்," என்றார். மூத்த நர்ஸின் வேலை போய்விடுமே என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணத்தைத் தைத்துக்கொண்டேன். அவரோ பஸ் ஏறி வந்து அதையும் பிரித்துவிட்டார்: "சொல்லிருங்கண்ணே. என் வேலை போனாப் போகுது. அந்தப் பிள்ள தலையில எதுக்கு விடியணும்?"

மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவுட்போஸ்ட்டுக்குப் போய், மூச்சுவிடாமல், நோட்டு பொய், நான் வாக்கு மீறினேன், அவர் குடிக்கவில்லை, அடித்ததில் வந்தது என்று முழுவதையும் கொட்டினேன். ஏட்டு பேனாவைத் திறக்கவே இல்லை.

"என்ன பிரதர், இப்ப வந்து நிக்கிறீங்க? அவரே நேத்துச் சாயங்காலம் குடிச்சேன்னு சொல்லிட்டாரே. கைநாட்டு வாங்கியாச்சு."

வார்டுக்கு ஓடினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏய்யா அப்படிச் சொன்ன?"

"முதலாளி வந்தாரு. கேஸு நடக்காமப் பாத்துக்கிறேன், வருசம் முச்சூடும் வேலை தாரேன்னாரு." அவர் திரும்பவில்லை. "நர்ஸம்மாவுக்கும் வேலை போகாது. உங்களுக்கும் ஒண்ணும் வராது. எல்லாருக்கும் நல்லதுதான கம்பவுண்டரே?"

என்னை அவர் டாக்டரிலிருந்து கம்பவுண்டராக இறக்கியிருந்தார். சரியான இடம்தான். எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உனக்காக நான் வாந்தியெல்லாம் எடுத்தேனே, என்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டாயே என்று, சாவிலிருந்து மூன்று நாள் தள்ளிப் படுத்திருக்கிற மனிதன் மேல் கோபம்.

அவர் மனைவி தூக்குவாளியில் கஞ்சியோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எப்போது வந்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"எல்லாருக்குமா?" என்றாள்.

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"நான் என்ன செஞ்சேன்னு குடிச்சீகளாம்? அதையும் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரா முதலாளி? கேட்டா நானும் ஒத்த மாதிரிச் சொல்லணுமில்ல."

கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கேஸும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அவள் மாமியாரிடம் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கெழம வாரேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. பன் வாங்கலாம் என்று இறங்கினேன். பசியே இல்லை. பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் என்னை விட்டுவிட்டுப் போவதை நின்று பார்த்தேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். ஓட்டு வீடு. வாசலில் மாமியார் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மகன் வீடு திரும்பி, நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் துணிப் பையோடு தெருவிலேயே நின்றாள். அன்றுதான் அவளுக்குக் கடைசிக் கெடு.

நின்றபடியே சொன்னேன். உங்கள் மகன் குடிக்கவில்லை. மருமகள் மேல் தப்பில்லை. நோட்டில் எழுதியது பொய்.

மாமியார் மிளகாயைப் பரப்பிக்கொண்டே கேட்டார்.

"நோட்டு யாரு எழுதுனது?"

"நாங்கதான் ஆத்தா."

"ஆசுபத்திரில இருந்து வந்து நீங்களே எழுதுவீக. பொறவு நீங்களே வந்து பொய்ம்பீக. எம் மகன் குடிச்சேன்னு கைநாட்டு வச்சிருக்கான். அவன் பொய்யா, நீ பொய்யா?"

நான் மகனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். ஒரு தலையசைப்பு. அவர் கண்கள் இப்போது சரியாக இருந்தன. வெயிலுக்குச் சுருங்கி, நிழலுக்கு விரிந்து, எல்லாம் முறையாக வேலை செய்தன. அந்தக் கண்களால் என்னையும் தெருவில் நின்றவளையும் நன்றாகப் பார்த்தார்.

"சொல்லேன்யா," என்றேன்.

"ரெண்டரை பஸ்ஸ விட்டுறாதீங்க," என்றார். "அதுக்கப்பறம் ரொம்ப நேரமாகும்."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். ரோட்டுப் புளிய மரத்தடியில் பத்தடி இடைவெளியில் நின்றோம். செல்லூரில் அக்கா இருக்கிறாள், தறி ஷெட்டில் நூல் சுற்றுகிறாள், அங்கே போகிறேன் என்று பொதுவாகச் சொன்னாள். எனக்கா, மரத்துக்கா என்று தெரியவில்லை. போன ஞாயிறே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

பஸ் வந்தது. முன்பக்கம் அவள் ஏறினாள், பின்பக்கம் நான். ஒரே இடத்தில் ஏறிய இருவரையும் கண்டக்டர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா?"

"இல்ல," என்றாள். "எனக்குத் தனியாக் கிழிங்க."